சயரோக ஊசியும் காதும் தள்ளாட்டமும்

“அம்மாவுக்கு இப்ப சொல்லுறது ஒண்டும் விளங்குதில்லை டொக்டர். மறதி வருத்தம் தொடங்கிட்டுதோ தெரியேல்லை.” இப்படிச் சொல்லிக்கொண்டு பெற்றோரைக் கூட்டிவரும் பிள்ளைகள் அநேகம். வந்தவர் எழுபதைத் தாண்டியவராக இருந்தால் வயது போய்விட்டது என்று எல்லோரும் முடிவுகட்டி விடுகிறார்கள். நாற்பது, ஐம்பது வயதுக்காரராக இருந்தால் வேறு பட்டங்கள் கிடைக்கும். கவனமில்லாதவர், பெருமை பிடித்தவர், கூப்பிட்டாலும் திரும்பிப் பாராதவர். காது கேட்கிறதா என்று பார்ப்பவர்கள்கூட, ஏன் கேட்காமற் போனது என்று விசாரிப்பது குறைவு. அதிலும் ஒரு கேள்வியை அநேகமாக எவரும் கேட்பதில்லை. “உங்களுக்கு எப்போதாவது சயரோகத்துக்கு ஊசி போட்டார்களா?”

இம்முறை மருத்துவப் பக்கத்தில் அந்தக் கேள்வியைப் பற்றித்தான் எழுதப் போகிறேன். சயரோகம், காசநோய், ரி.பி. என்று எந்தப் பெயரால் அழைத்தாலும் நோய் ஒன்றே. எமது சமூகத்தில் இந்த நோயின் பெயரை வாய்விட்டுச் சொல்ல மாட்டார்கள். பெண் பிள்ளையின் கலியாணப் பேச்சுக் குழம்பிவிடும், கடையில் வேலை தரமாட்டார்கள், வீட்டுக்கு ஆட்கள் வந்து தேநீர் குடிக்கமாட்டார்கள் என்ற பயம். ஆகவே “நெஞ்சுச் சளி” என்றும் “பழைய நிமோனியா” என்றும் பெயர் மாற்றி வைத்திருப்பார்கள். பெற்ற பிள்ளைகளுக்கே தெரியாது. அப்படி மறைக்கப்பட்ட ஒரு நோய், குணமாகி இருபது முப்பது வருடங்கள் கழிந்த பின்னரும், அதன் சிகிச்சையால் ஏற்பட்ட பாதிப்பையும் சேர்த்தே மறைத்துவிடுகிறது. இதுதான் எனக்குக் கவலை தரும் விடயம்.

முதலில் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். சாதாரண காசநோய்க்கு இன்று 6 மாதங்கள் குளிசைகள்தான். நான்கு வகை மருந்துகளுடன் தொடங்கி, இரண்டு மாதத்தின் பின் இரண்டு வகையாகக் குறைப்பார்கள். அந்தக் குளிசைகள் காதைக் கெடுப்பவை அல்ல. இதை வாசித்துவிட்டு யாரும் தமது மருந்தைத் தாமாக நிறுத்திவிடக் கூடாது.

யாருக்கு ஊசி போட்டார்கள்?

காசநோய்க்கான முக்கிய மருந்துகளான ஐசோனியசிட், ரிபாம்பிசின் ஆகிய இரண்டுக்கும் மடங்காத கிருமி உண்டு. இதனைப் பன்மருந்து எதிர்ப்புக் காசநோய் என்கிறோம். உலகம் முழுவதும் ஆண்டொன்றுக்கு ஏறத்தாழ 4 இலட்சம் பேருக்கு இவ்வகை நோய் புதிதாக ஏற்படுகிறது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கணிப்பு. அதில் கால்வாசிக்கு மேல் இந்தியாவில். இந்த நோயாளிகளுக்கு அண்மைக்காலம் வரை கனமைசின், அமிக்காசின், கப்ரியோமைசின் ஆகியவற்றில் ஒன்றை ஊசியாக ஏற்றினார்கள். இந்தியாவில் 2007ஆம் ஆண்டு தொடங்கிய அரசாங்கத் திட்டத்தில் கனமைசின் ஊசி 6 முதல் 9 மாதங்கள் வரை போடப்பட்டது. கிழமையில் ஆறு நாள், இடுப்பில். கட்டிபட்டு, இருக்க முடியாமல், இன்று எந்தப் பக்கம் போடுவது என்று தாதிக்கே தெரியாத நிலை வரும். அதன் மேல் இரண்டு வருடக் குளிசை.

ஊசி போட்டுக்கொண்டவர்கள் இவர்கள் மட்டுமல்லர். ஒருமுறை காசநோய் வந்து, மாறி, மீண்டும் வந்தவர்களுக்கு ஸ்ட்ரெப்டோமைசின் ஊசி இரண்டு மாதங்கள் போடும் வழக்கம் இந்தியாவிலும் இலங்கையிலும் இருந்தது. அந்த முறை இனி வேண்டாம் என்று உலக சுகாதார நிறுவனம் சொன்னது 2017இல்தான். இன்னும் பின்னோக்கிப் போனால், 1950களிலும் 60களிலும் முதல்முறை நோய் வந்தவர்களுக்கே ஸ்ட்ரெப்டோமைசின்தான். தாம்பரம் சானடோரியத்திலோ வெலிசறை நெஞ்சு நோய் வைத்தியசாலையிலோ அக்காலத்தில் படுத்திருந்த எங்கள் மாமாமாருக்கும் பெரியம்மாமாருக்கும் இந்த ஊசி நன்றாகத் தெரிந்திருக்கும். சென்னைக்கு வந்து முகாம்களிலோ வாடகை அறைகளிலோ வருடக்கணக்கில் இருந்து, பின்னர் இங்கு வந்து சேர்ந்தவர்களிலும் இந்தச் சிகிச்சை பெற்றவர்கள் இருக்கிறார்கள்.

பழைய கதை

இந்த மருந்து காதைத் தாக்கும் என்பது பின்னாளில் கண்டுபிடிக்கப்பட்ட செய்தி அன்று. 1943இல் அமெரிக்காவின் ரட்கர்ஸ் பல்கலைக்கழகத்தில் அல்பேர்ட் ஷாட்ஸ் என்ற இளம் ஆய்வாளரும் அவருடைய பேராசிரியர் செல்மன் வாக்ஸ்மனும் மண்ணில் வாழும் ஒரு நுண்ணுயிரிலிருந்து ஸ்ட்ரெப்டோமைசினைப் பிரித்தெடுத்தார்கள். (1952இல் நோபல் பரிசு பேராசிரியருக்கு மட்டும் கிடைத்தது. மாணவர் வழக்குப் போட்டது தனிக்கதை.) மயோ கிளினிக்கில் ஹின்ஷோ, ஃபெல்ட்மன் என்ற இருவர் அதை முதன்முதலாகக் காசநோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்தபோதே, நோயாளிகள் தள்ளாடுவதைக் குறித்து வைத்தார்கள். பிரித்தானிய மருத்துவ ஆராய்ச்சிச் சபை 1948இல் வெளியிட்ட புகழ்பெற்ற பரிசோதனையிலும் மருந்து பெற்றவர்களில் பாதிக்கு மேற்பட்டோருக்குத் தலைச்சுற்று இருந்தது. தள்ளாட்டத்தைக் குறைக்கலாம் என்று மருந்தைச் சற்றே மாற்றி டைஹைட்ரோஸ்ட்ரெப்டோமைசின் என்று ஒன்றைக் கொண்டுவந்தார்கள். தள்ளாட்டம் குறைந்தது, காது செவிடானது. அதுவும் ஊசி நிறுத்திச் சில வாரங்கள், மாதங்கள் சென்ற பிறகு. 1957இல் யப்பானில் ஹமாவோ உமேசாவா கண்டறிந்த கனமைசினும் இதே குடும்பத்துப் பிள்ளைதான்.

வேறு மருந்து இல்லாத காலத்தில் உயிரா காதா என்று கேட்டால் உயிர் என்றுதான் எவரும் சொல்வார்கள். அதில் எனக்குக் கருத்து வேறுபாடு இல்லை. ஆனால் ஊசி போடுவதற்கு முன் ஒருமுறை, பிறகு மாதம் ஒருமுறை காதைப் பரிசோதித்திருந்தால், கெடத் தொடங்கிய உடனேயே அளவைக் குறைக்கவோ மருந்தை மாற்றவோ முடிந்திருக்கும். அநேக இடங்களில் அதற்குக் கருவியும் இருக்கவில்லை, ஆளும் இருக்கவில்லை. “காது இரையுது” என்று சொன்ன நோயாளிக்குக் கிடைத்த பதில், “ஊசி முடிய மாறிவிடும்” என்பதே. மாறவில்லை. ஊசி பெற்ற பன்மருந்து எதிர்ப்பு நோயாளிகளைப் பற்றி வெவ்வேறு நாடுகளில் நடந்த ஆய்வுகளை ஒன்றாகச் சேர்த்துப் பார்த்தபோது, பத்துப் பேரில் நால்வர் அளவிலானோருக்குச் செவிப்புலன் குறைந்திருந்தது.

காதுக்குள் நடப்பது

எமது உட்காதில் நத்தை ஓடு போலச் சுருண்ட ஓர் உறுப்பு இருக்கிறது. அதற்குள் ஏறத்தாழ 15,000 மயிர்க்கலங்கள் வரிசையாக நிற்கின்றன. நெல் வயலில் காற்றடித்தால் கதிர்கள் சாய்வது போல, ஒலி வரும்போது அவற்றின் மயிர்நுனிகள் சாய்ந்து, அதை மின்சைகையாக மாற்றி நரம்புக்குக் கொடுக்கின்றன. சாயும்போது திறக்கும் அந்த நுண்துவாரங்களின் வழியாகவே மருந்தும் உள்ளே புகுந்துவிடுகிறது. இரத்தத்திலிருந்து மருந்து ஒரு நாளில் இறங்கிவிடும். உட்காதில் மாதக்கணக்கில் தங்கும். ஊசி நிறுத்திய பின்னும் கேட்கும் திறன் குறைந்துகொண்டு போவது இதனால்தான். பறவைகளுக்கு மயிர்க்கலங்கள் அழிந்தால் மீண்டும் முளைக்கும். மனிதருக்கு முளைக்காது.

அழிவு நத்தையின் அடிப்பகுதியில் தொடங்குகிறது. அங்கேதான் மிகக் கூர்மையான, உயர்ந்த சுருதி ஒலிகள் பதிவாகின்றன. எனவே முதலில் காணாமற் போவது பேச்சல்ல. குருவிச் சத்தம், கைக்கடிகாரத்தின் சிணுங்கல், மைக்ரோவேவ் முடிந்ததும் அடிக்கும் ‘பீப்’. இவை போனதை யார் கவனிப்பார்கள்? பலருக்கு முதல் அறிகுறி காதிரைச்சல். இரவில் வீடு அடங்கிய பின் சில்வண்டு போல ஒரு சத்தம். அடுத்த கட்டத்தில் ச, ஸ, த, ப போன்ற மெல்லிய மெய்யொலிகள் தேய்கின்றன. உயிரொலிகள் தாழ்ந்த சுருதியானவை, அவை கேட்கும். அதனால்தான் இவர்கள் “கதைக்கிறது கேக்குது, என்ன கதைக்கினம் எண்டு விளங்கேல்லை” என்பார்கள். இதைக் கேட்டவுடன் வீட்டார் மூளையில் பிழை என்று நினைக்கிறார்கள். அது காதில் உள்ள பிழை.

புலம்பெயர்ந்த நாட்டில் இதற்கு இன்னொரு முகமும் உண்டு. பேரப்பிள்ளை மெல்லிய உயர்ந்த குரலில் ஆங்கிலத்தில் ஏதோ சொல்கிறது. அப்பம்மா வேறேதோ மறுமொழி சொல்கிறார். பாசை விளங்கவில்லை என்று எல்லோரும் சிரித்துவிட்டுப் போய்விடுகிறார்கள். ஆஸ்பத்திரியிலும் அப்படித்தான். ஒழுங்காகப் பதில் வரவில்லை என்றால் உடனே மொழிபெயர்ப்பாளர். அதுவும் இப்போது தொலைபேசி வழியாக! காது மந்தமானவருக்குத் தொலைபேசி மொழிபெயர்ப்பாளரைப் போல் உதவாத பொருள் வேறில்லை. முகம் தெரியாது, உதடு தெரியாது, கேட்பது கரகரத்த குரல் மட்டும். மொழிக் குறை என்று எழுதப்பட்டு, செவிக் குறை கோப்பில் ஏறாமலே வருடங்கள் போய்விடும். உங்கள் பெற்றோருக்குத் தமிழிலேயே, முதுகுப் பக்கமாக நின்று, சாதாரணக் குரலில் ஒரு வாக்கியம் சொல்லிப் பாருங்கள். பிறகு அதையே முகத்துக்கு நேரே நின்று சொல்லுங்கள். முன்னால் நின்று சொன்னது மட்டும் விளங்கினால், அவர் உங்கள் உதட்டைப் பார்த்துத்தான் இத்தனை நாளும் சமாளித்து வந்திருக்கிறார்.

கண்ணை மூடினால் விழுபவர்கள்

காது கேளாமையையாவது ஒருநாள் கண்டுகொள்கிறார்கள். தள்ளாட்டத்தை அநேகமாக யாரும் கண்டுகொள்வதில்லை. நத்தையை ஒட்டியே சமநிலையைக் கவனிக்கும் உறுப்பும் இருக்கிறது. மூன்று அரைவட்டக் குழாய்களும், அவற்றின் அடியில் இரண்டு சிறு பைகளும். அங்கும் மயிர்க்கலங்கள்தான் வேலை செய்கின்றன. ஸ்ட்ரெப்டோமைசினும் ஜென்டாமைசினும் கேட்கும் பகுதியை விட இந்தப் பகுதியையே கூடுதலாகத் தாக்கும். கனமைசினும் அமிக்காசினும் கேட்கும் பகுதியைக் கூடுதலாகத் தாக்கும்.

ஒரு பக்கக் காதின் சமநிலை உறுப்பு மட்டும் திடீரென்று கெட்டால் உலகமே சுழலும். வாந்தி வரும், அவசர வாகனத்தைக் கூப்பிடுவார்கள். ஊசி மருந்து இரண்டு பக்கத்தையும் ஒன்றாகவே கெடுப்பதால் சுழற்சி பெரிதாக இருப்பதில்லை. அதற்குப் பதிலாக, நடக்கும்போது நிலம் மெத்தை போல இருக்கும். இருட்டில் சுவரைப் பிடிக்காமல் நடக்க முடியாது. தலைக்கு முழுகும்போது சவர்க்கார நுரைக்காகக் கண்ணை மூடினால் சாய்வார்கள். கோவிலில் கண்ணை மூடிக் கும்பிடும்போது பக்கத்தில் நிற்பவர் மேல் சரிவார்கள். “அம்மன் சந்நிதியில் அருள் வந்து ஆடுகிறா” என்று ஒருவரைப் பற்றிச் சொல்லக் கேட்டிருக்கிறேன். அருள் வருவதைப் பற்றி நான் ஒன்றும் சொல்வதற்கில்லை. ஆனால் குளியலறையிலும் அதே ஆட்டம் இருந்தால் காதைப் பரிசோதிப்பது நல்லது.

இன்னொரு விசித்திரமான குறி உண்டு. நடக்கும்போது தெருப் பெயர்ப்பலகை துள்ளும், நின்றால் துள்ளாது. நாம் தலையை அசைக்கும் ஒவ்வொரு கணமும் கண்ணை எதிர்த்திசைக்குத் திருப்பிப் படத்தை அசையாமல் வைத்திருப்பது இந்த உறுப்புத்தான். அது இல்லாதவருக்கு உலகம் ஆடும் கமெராவால் எடுத்த கலியாண வீடியோ போலத் தெரியும். 1952இல் நியூ இங்கிலாந்து மருத்துவ சஞ்சிகையில் ஜே.சி. என்ற முதலெழுத்துகளுடன் மட்டும் ஒரு வைத்தியர் தமது அனுபவத்தை எழுதினார். ஸ்ட்ரெப்டோமைசின் சிகிச்சையால் சமநிலை உறுப்பை இழந்தவர் அவர். கட்டிலில் படுத்துக்கொண்டு புத்தகம் வாசிக்க முனைந்தால், அவருடைய சொந்த நாடித்துடிப்பு தலையை அசைக்கும் அந்தச் சிறு அசைவுக்கே எழுத்துகள் துள்ளின. கட்டில் தலைமாட்டின் இரும்புக் கம்பிகளுக்கிடையே தலையை இறுக்கி வைத்துத்தான் வாசித்தார். தெருவில் போகும்போது எதிரே வருபவரின் முகத்தை அடையாளம் காண நின்று பார்க்க வேண்டியிருந்தது. தெரிந்தவர் சிரித்தும் சிரிக்காமற் போகிறார், பெருமை பிடித்தவர் என்று நாம் முடிவுகட்டும் சிலருக்கும் இதே பிரச்சினை இருக்கக்கூடும்.

இப்படிப்பட்டவர்கள் வைத்தியரிடம் போய் “தலை சுத்துது” என்றால் கிடைப்பது ஸ்டெமெடில். ஊரிலிருந்து வருபவர்கள் ஸ்டுஜெரோன் பெட்டியையும் கொண்டுவருவார்கள். வருடக்கணக்கில் அதை விழுங்குபவர்கள் உண்டு. இந்தக் குளிசைகள் சமநிலைச் சைகையை மந்தமாக்கிச் சுழற்சியைக் குறைப்பவை. சைகையே இல்லாமற் போனவருக்கு அவை எதைக் குறைக்கப் போகின்றன? மிச்சமிருக்கும் கொஞ்சத்தையும் அமுக்கி, மூளை புதிய வழியைப் பழகுவதையும் தடுக்கும். வயதானவர்களுக்கு நீண்டகாலம் கொடுத்தால் கைநடுக்கம், உடல் இறுக்கம் போன்ற பாக்கின்சன் நோய்க்குறிகளையும் கொண்டுவரும்.

இதற்கு உரிய சிகிச்சை பயிற்சிதான். சமநிலைப் பயிற்சியில் தேர்ந்த பிசியோதெரபிஸ்ட் இருக்கிறார்கள். ஓர் எழுத்தில் கண்ணைப் பதித்துக்கொண்டு தலையை இடம் வலமாக அசைப்பது, மெத்தை மேல் நின்று பழகுவது, நேர்கோட்டில் நடப்பது என்று நாளுக்குப் பல தடவை செய்யச் சொல்வார்கள். முதல் சில வாரம் தலைச்சுற்றுக் கூடும். பாதிப்பேர் அப்போது விட்டுவிடுகிறார்கள். தொடர்ந்தால், போன உறுப்புத் திரும்பாவிட்டாலும், கண்ணும் பாதமும் கழுத்தும் அதன் வேலையில் ஒரு பங்கை ஏற்றுக்கொள்ளும். வீட்டில் படிக்கட்டுக்கும் கழிவறைக்கும் போகும் வழியில் இரவு விளக்கு, குளியலறையில் பிடிகம்பி, இருந்து குளிக்க ஒரு கதிரை. பாதத்தை முழுதாகப் பிடிக்கும் சப்பாத்து, வீட்டுக்குள்ளும்தான். நீந்தத் தெரிந்தவர்கள் ஒன்றை அவசியம் அறிந்திருக்க வேண்டும். கலங்கிய நீரிலோ இருட்டிலோ தலை நீருக்குள் போனால் எது மேல், எது கீழ் என்று இவர்களுக்குத் தெரியாது. தனியாக நீந்தவே கூடாது.

ஊசி எப்படி நின்றது

2012 டிசெம்பரில் பெடாகுயிலின் என்ற குளிசைக்கு அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. காசநோய்க்கென்று நாற்பது வருடங்களின் பின் வந்த புதுவகை மருந்து. ஆயினும் நோயாளிகளுக்கு அது இலேசில் கிடைக்கவில்லை. தென்னாபிரிக்காவின் கயலிற்சாவைச் சேர்ந்த பூமேசா திசிலே என்ற மாணவிக்கு 2010இல் நோய் கண்டது. கனமைசின் ஊசியால் இரு காதும் கேட்காமற் போய், நோய் முழுதாகக் குணமானது 2013இல். மும்பாயில் நந்திதா வெங்கடேசன் என்ற பரதநாட்டியக் கலைஞருக்குக் குடலில் காசநோய். காசநோய் நெஞ்சில் மட்டும் வருவதல்ல என்பதற்கும் அவர் ஓர் உதாரணம். சிகிச்சையின்போது 2013இல் அவருக்கும் காது போனது. பின்னர் அவர் மீண்டும் மேடையேறி ஆடினார். 2019இல் இந்த இருவரும் சேர்ந்து, எல்லைகளற்ற மருத்துவர்கள் அமைப்பின் துணையுடன், பெடாகுயிலினுக்கான காப்புரிமையை நீடிக்க ஜோன்சன் அன்ட் ஜோன்சன் நிறுவனம் செய்த விண்ணப்பத்தை இந்தியாவில் எதிர்த்து மனுக் கொடுத்தார்கள். 2023 மார்ச் மாதத்தில் இந்தியக் காப்புரிமை அலுவலகம் அந்த விண்ணப்பத்தை நிராகரித்தது. ஊசியால் செவிடான இரண்டு இளம்பெண்கள், அந்த ஊசி இனி வேறொருவருக்கு வேண்டாமலிருக்கச் செய்த வேலை இது.

அதற்கு முன்னரே, 2018 யூன் மாதம் தென்னாபிரிக்கா ஊசியை நீக்கிப் பெடாகுயிலினைக் கொடுக்கப் போவதாக அறிவித்தது. அதே ஆண்டில் உலக சுகாதார நிறுவனம் கனமைசினையும் கப்ரியோமைசினையும் கைவிடச் சொன்னது. 2022 டிசெம்பரில் வந்த வழிகாட்டலின்படி, பொருத்தமான நோயாளிகளுக்குப் பெடாகுயிலின், பிரிட்டோமனிட், லினெசொலிட், மொக்சிஃப்ளொக்சசின் என்ற நான்கு குளிசைகள், 6 மாதங்கள். முன்பு இரண்டு வருடம் இழுத்த சிகிச்சை இது.

இந்தக் குளிசைகளும் முற்றாகக் குற்றமற்றவை அல்ல. லினெசொலிட் கால் நரம்பைத் தாக்கலாம். பாதம் விறைத்து, எரிந்து, அதனாலும் நடை தள்ளாடும். கண் நரம்பையும் தாக்கலாம், நிறம் மங்கலாகத் தெரியத் தொடங்கும். இவை ஆரம்பத்திலேயே தெரிந்தால் அளவைக் குறைக்க முடியும், ஆகவே சகித்துக்கொண்டு இராமல் உடனே சொல்ல வேண்டும். வேறு வழியே இல்லாத சிலருக்கு அமிக்காசின் ஊசி இன்றும் உண்டு. அப்படியானால் ஊசி தொடங்குமுன் காதுப் பரிசோதனை, பிறகு மாதந்தோறும், முடிந்த பின்னும் சில மாதம். சாதாரணப் பரிசோதனை 8,000 ஹேர்ட்ஸ் வரைதான் பார்க்கும். அதற்கு மேலும் பார்க்கும் கருவி இருந்தால் பாதிப்பை முன்கூட்டியே பிடிக்கலாம். ஊரில் உறவினர் யாருக்காவது இந்தச் சிகிச்சை நடந்தால், ‘ஓடியோகிராம்’ எடுத்தார்களா என்று தொலைபேசியில் கேளுங்கள். காசு அனுப்புவதோடு இதையும் கேட்பது உதவி.

தாய் வழியாக மட்டும் கடத்தப்படும் ஒரு மரபணு மாற்றமும் இருக்கிறது. அது உள்ளவர்களுக்கு இந்தக் குடும்ப மருந்தில் ஓரிரு ஊசியே காதைப் பறித்துவிடும். அம்மா, அம்மம்மா, மாமா என்று தாய்வழியில் யாருக்காவது ஊசி போட்ட பின் காது போனதாகக் கதை இருந்தால், அது குடும்பத்தின் துரதிர்ஷ்டம் என்று விட்டுவிடாமல் வைத்தியரிடம் சொல்லுங்கள். மான்செஸ்டரில் பிறந்த குழந்தைகளுக்கு ஜென்டாமைசின் கொடுக்குமுன் அரை மணி நேரத்துக்குள் இந்த மரபணுவைப் பார்க்கும் பரிசோதனை ஒன்றைப் பயன்படுத்திப் பார்த்து, 2022இல் முடிவுகளை வெளியிட்டிருக்கிறார்கள்.

ஏற்கனவே ஊசி போட்டவர்களுக்கு

போன செவிப்புலனைக் கொண்டுவரும் மருந்து இல்லை. ஊரில் விற்கும் காதுத் துளிகளுக்கும் விற்றமின் குளிசைகளுக்கும் காசைக் கொட்ட வேண்டாம். ஆனால் உதவி இருக்கிறது. இங்கே பிரித்தானியாவில் தேசிய சுகாதார சேவை கேட்கும் கருவியை இலவசமாகத் தருகிறது. கருவி பழக இரண்டு மூன்று மாதமாவது வேண்டும். முதல் நாளே “இரைச்சலாக் கிடக்கு” என்று லாச்சிக்குள் வைத்தவர்கள் மீண்டும் போய்ச் சரிசெய்து கேட்கலாம். கருவியாலும் பயனில்லாத அளவுக்குக் கெட்டவர்களுக்கு நத்தைக்குள் மின்முனை பொருத்தும் சத்திரசிகிச்சை உண்டு. மயிர்க்கலங்கள் அழிந்தாலும் நரம்பு பெரும்பாலும் மிஞ்சியிருப்பதால் இவர்களுக்கு அது நல்ல பலன் தரக்கூடியது. பூமேசா திசிலேக்கு 2015இல் இரு காதிலும் அது பொருத்தப்பட்டது. ஐந்து வருட மௌனத்தின் பின் அவர் மீண்டும் கேட்டார்.

எஞ்சியிருக்கும் கேள்திறனைக் காப்பாற்றுவதும் முக்கியம். இங்கு சிறுநீர்த் தொற்று முற்றியோ இரத்தத்தில் கிருமி பரவியோ ஆஸ்பத்திரியில் சேர்ந்தால் முதலில் ஏற்றக்கூடிய மருந்துகளில் ஒன்று ஜென்டாமைசின். அதுவும் அதே குடும்பம். உயிர் காக்க வேண்டிய கட்டத்தில் கொடுக்கத்தான் வேண்டும். வேறு மருந்து இருந்தால் மாற்றலாம், ஆனால் அதற்கு அந்த வைத்தியருக்கு விடயம் தெரிந்திருக்க வேண்டும். சில புற்றுநோய் மருந்துகளும், நரம்பில் அதிக அளவில் ஏற்றும் நீரிறக்கி மருந்தும் காதைப் பாதிக்கலாம். காதுச்சவ்வில் ஓட்டை உள்ளவர்கள் ஜென்டாமைசின் கலந்த துளிகளைக் கேட்டுவிட்டே போட வேண்டும்.

சயரோகம் வந்தது என்று சொன்னால் விசாவுக்குப் பிரச்சினை வரும், கோப்பில் எழுதி எல்லோருக்கும் காட்டிவிடுவார்கள் என்று பயப்படுகிறவர்கள் இருக்கிறார்கள். குடும்ப வைத்தியரின் கோப்பு உங்கள் ஊர்ச்சங்கத்துக்கோ சம்பந்தி வீட்டுக்கோ போவதில்லை. இங்கு காசநோய்ப் பரிசோதனையும் சிகிச்சையும், விசா இருப்பவருக்கும் இல்லாதவருக்கும், இலவசம். மொழிபெயர்க்க உங்கள் பிள்ளையையோ தெரிந்தவரையோ கூட்டிவர விருப்பமில்லை என்றால், வெளியார் ஒருவரை நேரில் வரச்சொல்லிக் கேளுங்கள். தொலைபேசி வேண்டாம், காது கேட்காது என்று சொல்ல உங்களுக்கு உரிமை உண்டு.

சிகிச்சை அட்டை இல்லையே என்று தயங்க வேண்டியதில்லை. இரண்டு மூன்று நாடு தாண்டி வந்தவர்களிடம் அட்டை எங்கே இருக்கும்? நான் வந்தபோது என் சட்டைப்பையில் மருத்துவக் கல்லூரிச் சான்றிதழின் பிரதி தவிர வேறு கடதாசி இருக்கவில்லை. நினைவில் உள்ளதை ஒரு தாளில் எழுதிக்கொண்டு வாருங்கள். எந்த ஆண்டு, எந்த ஊர், எத்தனை மாதம் ஊசி, காது இரையத் தொடங்கியது ஊசிக்கு முன்னரா பின்னரா, இருட்டில் நடக்க முடிகிறதா. மருந்தின் பெயர் தெரியாவிட்டாலும் பரவாயில்லை. “ஒவ்வொரு நாளும் இடுப்பிலை, ஆறு மாதம்” என்று எழுதினாலே எங்களுக்கு விளங்கும்.